மழைக்கால ஈசலும் மார்க்கச் சட்டமும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் பயணம் செய்வோர், மயிலத்திற்குத் திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு என்னும் ஊரைக் கண்டிருப்பார்கள். அவ்வூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த காலை நேரத்தில், அவள் இல்லத் திண்ணையில் நான் அமர்ந்திருந்தேன். நிலக்கடலைக் கொல்லையில் அவ்வப்போது வேலைக்கு வரும் இருளர் குலத்து மூதாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து என் தங்கையிடம் நீட்டினார். அதில் இருந்தது வறுத்த ஈசலும் அரிசிப் பொரியும்.

தங்கை பின்வாங்கினாள். “ஐயையோ ஆயா, இதையெல்லாம் எங்கள் வீட்டில் தொடக்கூட மாட்டோம், எடுத்துக்கொண்டு போ” என்று முகத்தைச் சுளித்தவாறு கூறிவிட்டாள். கிழவியின் முகம் சுண்டிப் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினார். ஆனால் அதற்குள், பத்து வயதுள்ள என் மருமகள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுவிட்டாள். அவளை வாய் கொப்பளிக்கச் செய்து, “ஹராமானதைத் தின்றுவிட்டாயே” என்று தாய் கடிந்துகொண்டதும், அச்சிறுமி கண்களைத் துடைத்தவாறு என்னிடம் வந்து கேட்டாள்: “மாமா, வெட்டுக்கிளி ஹலால் என்று மதரஸாவில் ஹஜ்ரத் சொன்னார்களே, அதுவும் பூச்சிதானே? ஈசல் மட்டும் ஏன் கூடாது?”

விவரமறியாச் சிறுமி உண்டதில் பாவம் ஏதுமில்லை என்று உடனே சொல்லி அவளைத் தேற்றினேன். ஆனால் அவள் கேட்ட வினா எளிதானதன்று. பெரியவர்கள் பலரிடமும் அதற்குத் தெளிவான விடை கிடையாது. உலக நாடுகள் பூச்சிகளை உணவாகக் கொள்வது பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கும் இந்நாளில், நம் இல்லத்துத் தாய்மார்கள் அவ்விடையை அறிந்து வைத்திருப்பது நலம்.

ஈசல் என்பது தனியொரு பூச்சியன்று. நிலைக்கதவையும் நூற்பெட்டியையும் அரிக்கிறதே கறையான், அதன் இனத்தில் சிறகு முளைத்தவையே ஈசல்கள். புற்றிலுள்ள கோடானுகோடிக் கறையான்களுள் ஆண், பெண் தன்மை முற்றிய ஒரு பகுதி மட்டும் சிறகு பெற்று, நல்ல மழை பெய்து காற்று அடங்கிய மாலையிலோ இரவிலோ புற்றை விட்டுக் கிளம்புகின்றன. சிறிது நேரம் பறந்து சிறகை உதிர்த்துவிட்டு, இணை சேர்ந்து மண்ணுக்குள் புகுந்து புதுப்புற்றுக்கு அடிகோலுகின்றன. அவ்வாறு பிழைப்பவை மிகச் சிலவே. எஞ்சியவை காக்கைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் கோழிக்கும் இரையாகின்றன. மனிதருக்கும் இரையாகின்றன.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் ஈசல் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் இருளர் மக்களே. எந்தப் புற்றில் இன்றிரவு ஈசல் கிளம்பும் என்பதை, புற்றின் வாயில்கள் திறந்திருக்கும் விதத்தைக் கொண்டே அவர்கள் சொல்லிவிடுவார்கள். புற்றின் அருகே சிறு குழி தோண்டி, அதில் பானையைப் பதித்து, விளக்கொன்றை ஏற்றி வைத்துக் காத்திருப்பார்கள். ஒளியை நாடிவரும் ஈசல்கள் பானைக்குள் விழும். அவற்றை வெயிலில் உலர்த்தி, முறத்திலிட்டுப் புடைத்தால் சிறகுகள் பறந்துவிடும். பிறகு சட்டியில் வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து உண்பார்கள். மழைக்காலத்தில் சந்தைகளில் படிக்கணக்கில் அளந்து விற்பதும் உண்டு. இருளர்கள் மட்டுமன்றி, கிராமத்து மக்கள் பலரும் விரும்பி வாங்குகிறார்கள்.

இது நேற்றைய வழக்கமும் அன்று. பாரியின் பறம்பு மலை வளத்தைப் பாடிய கபிலர், புறநானூற்றின் 119ஆம் பாடலில், செம்புற்றின் ஈசலை மோரின் புளிப்போடு சேர்த்து உண்ட உணவைக் குறிப்பிடுகிறார். அகநானூற்றின் 394ஆம் பாடலிலும், வரகரிசியோடும் ஆட்டுத் தயிரோடும் ஈசலைப் பெய்து சமைத்த புளிச்சோறு வருகிறது. கபிலர் தம் இறுதி நாளைக் கழித்ததாக மரபு கூறும் திருக்கோவலூர், விழுப்புரத்திற்கு மேற்கே தென்பெண்ணையாற்றின் கரையில்தான் இருக்கிறது. ஆகவே அம்மூதாட்டி கொண்டுவந்தது ஏதோ கதியற்றோர் உணவு என்று எண்ணுவோர், தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அரசர்களோடு பழகிய புலவர் பெருமக்கள் சிறப்பித்துப் பாடிய உணவு அது.

இனி, உலகம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் உண்ணத்தக்க பூச்சிகள் குறித்து விரிவானதோர் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகளுக்கு இடமுண்டு என்றும், 1,900க்கும் மேற்பட்ட வகைகள் உண்ணப்படுகின்றன என்றும் அது மதிப்பிட்டது. மாடு ஒரு கிலோ எடை கூடுவதற்கு எட்டுக் கிலோ தீவனம் வேண்டியிருக்க, பூச்சிகளுக்கு இரண்டு கிலோவே போதும் என்பது அவ்வறிக்கை முன்வைத்த கணக்கு. நிலமும் நீரும் குறைவாகச் செலவாகும், புரதச் சத்தோ இறைச்சிக்கு நிகராகக் கிடைக்கும் என்பதனால், மேனாட்டார் இதனை வருங்கால உணவு என்று கொண்டாடத் தலைப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவையும் வெட்டுக்கிளியையும், அடுத்த ஆண்டில் வீட்டுச் சில்வண்டையும் உணவாக விற்க அனுமதித்தது. நம்மவர் பலர் குடியிருக்கும் சிங்கப்பூரில், 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளுக்கு அரசின் உணவுத் துறை அனுமதி வழங்கியது.

அக்கணக்கெல்லாம் தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தானியம் ஊட்டி வளர்க்கும் மாட்டுக்கே பெரிதும் பொருந்தும் என்பதை மறந்துவிடலாகாது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் மேயும் நம் ஊர் ஆட்டுக்கு எவர் எட்டுக் கிலோ தானியம் போடுகிறார்கள்? எனினும் நீரும் நிலமும் குறைந்துவரும் உலகில் இப்பேச்சைப் புறந்தள்ளிவிடவும் இயலாது. நம் பிள்ளைகள் நாளை எந்நாட்டில் வாழ்ந்தாலும், இவ்வுணவு அவர்கள் தட்டின் அருகே வரத்தான் போகிறது.

மார்க்கச் சட்டம் இதில் எங்கு நிற்கிறது? முதலில் வெட்டுக்கிளி. அதை உண்பது ஆகும் என்பதில் நான்கு மத்ஹபுடைய இமாம்களுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை. பெருமானார் (ஸல்) அவர்களுடன் ஆறு அல்லது ஏழு போர்களில் கலந்துகொண்டு, அப்போதெல்லாம் வெட்டுக்கிளியை உண்டுவந்ததாக அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அறுக்காமலே உண்ண அனுமதிக்கப்பட்ட செத்தவை இரண்டு, அவை மீனும் வெட்டுக்கிளியும் என்னும் கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. வெட்டுக்கிளி குறித்து வினவப்பட்டபோது, ஒரு கூடை நிறையக் கிடைத்தால் உண்ணலாமே என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விரும்பிக் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் காணலாம். சவூதி அரேபியாவின் கஸீம் பகுதிச் சந்தைகளில் அதனை மூட்டை மூட்டையாக விற்கும் வழக்கம் நம் காலத்திலும் உண்டு. தானாக இறந்த வெட்டுக்கிளியும் ஆகும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் தீர்ப்பு. மாலிக்கி மத்ஹபில் மட்டும், பிஸ்மில்லாஹ் கூறித் தலையைக் கொய்தோ வெந்நீரில் இட்டோ அதற்கு உயிர் நீங்கச் செய்ய வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020ஆம் ஆண்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் படையெடுத்தபோது, அவற்றை அழிக்கப் பூச்சிமருந்து பெருமளவில் தெளிக்கப்பட்டது. அவ்வாறு மருந்துபட்டு மடிந்தவற்றை உண்பது உயிருக்குக் கேடு. கேடு விளைவிப்பதை உண்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் எருக்கஞ்செடிகளை மொய்த்த கிளிகளைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, உள்ளூர் இனமே என்று வேளாண் அதிகாரிகள் தெளிவுபடுத்தினார்கள். எருக்கையே மேய்ந்து வாழும் அத்தகைய கிளிகளின் உடலில் அச்செடியின் நஞ்சு தங்கியிருக்கும். கிளி என்று பெயரிருந்தால் போதும் என்று எவரும் உண்ணப் புகலாகாது.

இனி ஈசலுக்கு வருவோம். திருமறையின் ஏழாவது அத்தியாயத்தின் 157ஆம் வசனம், நபிகளார் தூயவற்றை ஆகுமாக்குவார்கள், அருவருக்கத்தக்கவற்றைத் தடுப்பார்கள் என்னும் கருத்தை அறிவிக்கிறது. மண்ணில் ஊரும் சிற்றுயிர்களை, அதாவது புழு, வண்டு, எறும்பு, கறையான் போன்றவற்றை, இந்த அருவருக்கத்தக்கவற்றின் வரிசையில் சேர்த்தே ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். வெட்டுக்கிளிக்குத் தனியே ஆதாரம் வந்துவிட்டமையால் அது மட்டும் விலக்குப் பெற்றது. அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு, இறக்கையுள்ளவை எல்லாம் ஆகும் என்று நாமாக நீட்டிவிட முடியாது. தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபும், திண்டிவனம், செஞ்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. இவ்விரண்டின்படியும் ஈசல் நமக்கு ஆகாது. என் மருமகளுக்கு நான் அளித்த விடை இதுவே.

அதே வேளையில் மற்றொன்றையும் அவளிடம் மறைக்கவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பின்பற்றும் மக்களிடையே, தீங்கு தராத சிற்றுயிர்களை முறைப்படி உயிர் நீக்கி உண்பதற்கு அனுமதி உண்டு. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் அம்மத்ஹபினரே. ஷாஃபிஈ மக்கள் நிறைந்த இந்தோனேசியாவிலும், அந்நாட்டு உலமாக்கள் பேரவை 2000ஆம் ஆண்டில், தீங்கில்லையெனில் சில்வண்டை உண்பது ஆகும் என்று, அதை வெட்டுக்கிளிக்கு ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தது. ஆகவே பூச்சி உண்பவர் அனைவரும் மார்க்கம் அறியாதவர் என்று நாம் கருதிவிடலாகாது. நமக்கென்று உள்ள தீர்ப்பை நாம் பேணுகிறோம், அவ்வளவே.

சமையற்கட்டில் தாய்மார்களுக்கு நாள்தோறும் எழும் ஐயம் ஒன்றையும் ஈண்டு தீர்த்துவிடுவோம். கத்தரிக்காயில் புழு, அரிசியில் வண்டு, பழத்தில் புழு என்று வருகின்றனவே? எடுத்துக் களையக்கூடியவற்றைக் களைந்துவிடவே வேண்டும். ஆனால் பழத்திலோ காடியிலோ அதனுள்ளேயே தோன்றிய புழு, பிரிக்க இயலாமல் அப்பொருளோடு சேர்ந்து உண்ணப்பட்டுவிட்டால் குற்றமில்லை என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜ் நூலில் ஏற்புடைய கருத்தாகக் குறித்துள்ளார்கள். குழம்பில் ஓர் எறும்பு விழுந்து இறந்துவிட்டால் குழம்பையே கொட்டிவிடுவோரும் உளர். அது தேவையற்ற விரயம். பாயும் இரத்தம் இல்லாத உயிர் விழுந்து இறப்பதால் உணவு அசுத்தமாகிவிடுவதில்லை என்று, பானத்தில் விழும் ஈயைப் பற்றிய நபிமொழியைக் கொண்டு சட்ட அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். எறும்பை எடுத்தெறிந்துவிட்டுக் குழம்பைப் பரிமாறலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் வரும் பூச்சியே இன்று பெரிய சோதனை. சிவப்பு நிற மிட்டாய், பானம், தயிர்ப் பண்டம் ஆகியவற்றின் பொட்டலத்தில் 120 என்ற எண்ணோ கார்மைன் என்ற பெயரோ இருந்தால், அந்நிறம் தென்னமெரிக்கக் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுத்தது என்று அறிக. 904 என்பது அரக்குப்பூச்சி சுரக்கும் அரக்கின் மெருகு. இவற்றில் கருத்து வேற்றுமை உண்டு. இந்தோனேசியப் பேரவை 2011இல் அந்த நிறத்தையும் 2013இல் அரக்கையும் ஆகும் என்றது. அதை ஏற்காத அறிஞர்களும் உளர். தத்தம் ஆலிம்களிடம் கேட்டு நடப்பதே முறை. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள், ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சில்வண்டு மாவு, புழு மாவு என்று பெயர் குறித்திருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். மற்றொரு காரணமும் உண்டு. இறால், நண்டு உடலுக்கு ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அப்படியாயின், பூச்சியால் வரும் இந்தப் பெருநன்மையில் நமக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. என் தங்கை முற்றத்திலேயே அதனைக் கண்டேன். தாயும் மகளும் வழக்காடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், முதல்நாள் இரவு விளக்கடியில் விழுந்து கிடந்த ஈசல்களை அவள் வளர்க்கும் கோழிகள் போட்டி போட்டுக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தன. அக்கோழியின் முட்டையும் இறைச்சியும் ஆகும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பூச்சியைக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்குவதே நம்மைப் போன்றோருக்கு ஏற்ற வழி என்று எனக்குத் தோன்றுகிறது. 2020இல் பாகிஸ்தானின் ஒகாரா மாவட்டத்தில், இரவில் மரங்களில் தங்கியிருந்த வெட்டுக்கிளிகளை மருந்து தெளிக்குமுன் உயிரோடு பிடித்து வருவோருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கொடுத்து, அவற்றைக் கோழித் தீவனமாக்கிய முயற்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. பயிரும் பிழைத்தது, ஏழைக்குக் கூலியும் கிடைத்தது.

திருமறையில் இச்சிற்றுயிர்களுக்கு உள்ள இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுலைமான் (அலை) அவர்கள் கோலூன்றி நின்ற நிலையிலேயே உயிர் நீத்ததை எவரும் அறியாதிருக்க, அக்கோலை அரித்து வீழச் செய்து அச்செய்தியை வெளிப்படுத்தியது கறையானே என்று ஸபா அத்தியாயத்தின் 14ஆம் வசனத்திற்கு விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். மறுமை நாளில் மக்கள் சிதறித் திரிவதற்கு அல்காரிஆ அத்தியாயம் கூறும் உவமையை நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஈசல் என்றே படிக்கிறோம். நெருப்பை மூட்டிய ஒருவர், அதில் வந்து விழும் பூச்சிகளை விலக்கிக்கொண்டே இருப்பதைப் போன்றது தமக்கும் தம் சமுதாயத்திற்கும் உள்ள நிலை என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் உவமித்ததாகவும் நபிமொழி உண்டு. புற்றருகே விளக்கேற்றிக் காத்திருக்கும் இரவைக் கண்டவர்களுக்கு அவ்வுவமை உள்ளத்தில் தைக்கும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், என் தங்கையிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சிறுமி கேட்டதைவிட அது கடினமானது. மைமூனா (ரலி) அம்மையார் இல்லத்தில் ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டதற்கு, இல்லை, தம் ஊரில் அது இல்லாமையால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை இழுத்து வைத்து உண்டார்கள், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை உண்பது வெறுக்கத்தக்கது என ஹனஃபி அறிஞர்கள் வேறு ஆதாரங்களைக் கொண்டு கூறுவது தனிச்செய்தி. நான் எடுத்துக்காட்ட விரும்பியது, வேண்டாம் என்று சொன்ன விதத்தை. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள்.

“ஈசலை மறுத்தது சரிதான் அம்மா. முகத்தைச் சுளித்ததுதான் சரியில்லை. இரவெல்லாம் கண்விழித்துப் பிடித்ததை, விற்றால் காசாகும் என்று தெரிந்தும், உனக்கென்று கொண்டுவந்தார்கள்” என்றேன். தங்கை சிறிது நேரம் பேசாதிருந்தாள். “நமக்கு ஆகாதென்று அந்த ஆயாவுக்கு எப்படி அண்ணே தெரியும்? நான்தான் பதமாகச் சொல்லியிருக்க வேண்டும்” என்றாள். மாலையில், சமைத்த சோற்றையும் ஒரு படி அரிசியையும் எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு, ஏரிக்கரைக் குடியிருப்புக்குத் தானே போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மூதாட்டி மறுபடியும் ஒரு பொட்டலத்தோடு வந்தாராம். இம்முறை அதில் இருந்தது புற்றுக்காளான். கறையான்கள் தம் புற்றுக்குள் தழையையும் மரத்தூளையும் கொண்டுவந்து சேர்த்துப் பூஞ்சணத்தை வளர்த்து உண்கின்றன. மழைக்குப் பின் அதிலிருந்து மேலே முளைத்து வருவதே அக்காளான். ஈசல் ஆகாதென்றால் அதன் புற்றிலிருந்து வந்த காளான் ஆகுமா என்று தங்கை கேட்டாள். காளான் மன்னு வகையைச் சேர்ந்தது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதைச் சொல்லி, நஞ்சில்லாத காளானை அடையாளம் காண்பதில் அம்மூதாட்டியை விடச் சிறந்தவர் உன் ஊரில் இல்லை, தயங்காமல் சமைத்துக்கொள் என்றேன். பின்னணியில் என் மருமகளின் குரல் கேட்டது, மிளகு கொஞ்சம் அதிகமாகப் போடும்படி.